பல்லிச் சொல்

மேசைக்கு அடியில்
டக், டக், டக் என்றது.
பல்லி என்றுதான் நினைத்தேன்.
ஈசூனில் பதினொன்றாம் மாடிக்கும்
ஏறி வந்துவிடும்.
நாட்காட்டியைத் திருப்பி
தென்கிழக்கு, வியாழக்கிழமை என்று தேடினேன்.
பொருள் நஷ்டம் என்றிருந்தது.
நிமிர்ந்தபோது
திரை நீலமாகியிருந்தது.

முப்பத்தாறு பாகம்.
ஒரு சீனத் தொடருக்கு நான் எழுதிய சப்டைட்டில்.
அழுகிறவர்கள் முகத்துக்குக் கீழே
இரண்டு வரிக்கு மேற்படாமல்
வைத்துக்கொண்டே வந்த தமிழ்.
நகல் எடுத்து வைத்தாயா என்றான் வழுதி.
அவன் கேட்டால் கேள்வியும் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.
இல்லை என்று சொல்லாமல்
மின்விசிறியை
இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பினேன்.

சிம் லிம் சதுக்கம். ஐந்தாம் தளம்.
இழுத்து மூடிய கடைகளுக்கு நடுவே
மிஸ்டர் ஆங்.
வன்தட்டைக் காதோரம் வைத்து
தேங்காய் வாங்குகிறவர் போல ஆட்டிப் பார்த்தார்.
சத்தம் போடுவது பரவாயில்லை லா,
சும்மா கிடப்பதுதான் கஷ்டம் என்றார்.
கிடைத்தால் அறுநூற்று எண்பது வெள்ளி,
கிடைக்காவிட்டால் ஐம்பது.
ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிட்டார்:
உள்ளே இருப்பது வரும்,
பெயர் வராது.

தயாரிப்பாளர் நூருல்ஹுதாவிடம்
கடுமையான காய்ச்சல் என்றேன்.
உனக்கா, கம்ப்யூட்டருக்கா என்றாள்.
இரண்டு வாரம் கொடுத்தாள்.
இருபத்திரண்டாம் பாகத்தை
நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.
மாமியார் சொன்னதெல்லாம் வரிவரியாக வந்தது.
மருமகளின் பதில்
ஒன்றுகூட வரவில்லை.

ஒன்பதாம் நாள்
ஒரு கறுப்புப் பெட்டியில் திரும்பி வந்தன
பதினோராயிரத்துச் சொச்சம் கோப்புகள்.
00001, 00002, 00003.
அனாதை இல்லத்து வரிசைபோல.
வழுதி சனிக்கிழமை விடுப்பு எடுத்தான்.
சாப்பாட்டு மேசை நாற்காலியை
என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.
அவன் திறக்க,
நான் இன்னதென்று சொல்ல,
அவனே பெயர் அடித்தான்.

பூன் லேயில் வாடகைக்கு இருந்த அறை,
கட்டிலில் பாதி தெரிகிற படம்.
பழைய மின்கட்டணம்.
நான் அனுப்பாத ராஜினாமாக் கடிதம்,
மூன்று விதமாக.
ஒன்பதாம் பாகம் வந்தது,
எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாக.
பதினான்காம் நிமிடம் ஏழாம் நொடியில்
யாரோ யாரிடமோ எதையோ சொன்னார்கள்.
நேரம் மட்டும் துல்லியமாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது.
தொலைத்ததைத் தேடிப்போன கருவி
நான் தூக்கி எறிந்ததையும்
வாரிக்கொண்டு வந்திருக்கிறது.
அதற்கு வித்தியாசம் தெரியாது.

04417.
ஒலிக்கோப்பு. மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி.
நான் சொல்வதற்குள் அவன் அழுத்திவிட்டான்.
என் குரல்.
"வழுதி, குறுக்கப் பேசாம கேளு.
இனிமே என்னால..."

ஆறு வருடம் இருக்கும்.
அவன் இரவு வேலை முடிந்து வருவதற்குள்
பேசிப் பதிந்து,
நடுங்குகிறதா என்று போட்டுக் கேட்டு,
நடுங்கியதால் அழித்தது.
அன்றைக்குப் பார்த்து
மீ கோரேங் வாங்கி வந்தான்,
எனக்கு மட்டும் காரம் குறைத்து.
தின்றுவிட்டுத் தூங்கினோம்.

நான் கையை நீட்டுமுன்
அவனே நிறுத்தினான்.
ஒன்பது நொடி ஓடியிருந்தது.
கீழ்த்தளத்தில் யாரோ
பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடித்தார்கள்.
பெயர்ப் பெட்டியில்
கோடு மினுங்கியது, அணைந்தது, மினுங்கியது.

என்னன்னு போடட்டும் என்றான்.
திரையைப் பார்த்தபடியேதான் கேட்டான்.

நான் பேசவில்லை.
அவன் விரல் குப்பைத்தொட்டிப் பக்கம் போகவில்லை.
எண்ணை எண்ணாகவே விட்டுவிட்டு
அடுத்ததைத் திறந்தான்.

இருபத்திரண்டாம் பாகம்.
எழுத்து சிதையாமல், முழுசாக.
மருமகள்
பேசிக்கொண்டிருந்தாள்.